விடறேன்னு சொன்ன தம்பிக்கு

தம்பி,

உங்க அம்மாவைச் சந்தையில பார்த்தேன். ரஜ பண்டிகைக்கு ஒடிசாவுக்கு, உங்க ஊருக்குப் போறதுக்குள்ள கூல் லிப்பை, அதான் உதட்டுக்குள்ள வைக்கற அந்தப் புகையிலைப் பையை, விட்டுடறேன்னு சொல்லியிருக்கியாமா. என் நம்பரை பிளாக் பண்ணிட்ட, அதனாலதான் இங்கே எழுதறேன். பேரு, கம்பெனி, காம்பவுண்டு எதுவும் போடலை. உங்க லைன் வீட்டுக்காரங்களும் இதைப் படிக்கறாங்க.

அந்த வாய்ப் பரிசோதனை முகாம்ல, மூணு விரலை ஒண்ணுமேல ஒண்ணா வச்சு வாய்க்குள்ள விடச் சொன்னாங்க டாக்டர். உங்கப்பாவுக்கு ரெண்டுதான் போச்சு. குட்காவுல இருக்கற பாக்கு கன்னத்துச் சதையை நாராக்கி இறுக்கிடும், பழையபடி முழுசா இளகாது, இப்பவே நிறுத்தணும்னு அவங்க சொன்னதை நீ ஒடியாவுல சொல்லணும். நாலு வார்த்தையில முடிச்சுட்ட. அப்பா சிரிச்சுட்டே எந்திரிச்சாரு. அப்புறம் டாக்டர் உன் கீழுதட்டை இழுத்துப் பார்த்தாங்க. பை வைக்கற இடம் வெளுத்துச் சுருங்கிக் கிடந்துச்சு. அதை அப்பாவுக்குக் கை ஜாடையில காட்டினது நான்தான். அத்தனை பேரு முன்னாடி அடிச்சுட்டாரு. அதுக்கு மன்னிச்சுக்க, கண்ணு. ஆனா உனக்கு அப்ப 16 வயசு. பெத்தவருகிட்ட மறைக்க எனக்கு மனசு வரலை. குட்கா போட்ட வாயோட அவரு உன்னை அடிச்சது வேற கதை.

உன்மேல கோவமும் இருக்கு. அஞ்சாவதுலேர்ந்து இங்கேதான் படிச்ச, "ஏனுங்"னுதான் பேசற. அப்படியும் கம்பெனி செக்கிங் டேபிள்ல நீ இந்திக்காரன், ஊருக்குப் போனா மதராசி. டப்பாவை உன் பக்கம் நீட்டின அன்னைக்குத்தான் பசங்க உன்னைச் சேர்த்துக்கிட்டாங்க, அது புரியுது. 2013லேயே இங்க தடை போட்ட சரக்கை, பள்ளிக்கூடப் பையனுக்கு வித்த கடைக்காரரை இன்னும் மாமான்னு கூப்பிடறியே, அதுதான் புரியலை.

சரி, விடறதுன்னா திங்கக்கிழமை விடு. ரெண்டாவது, மூணாவது நாள்தான் எரிச்சலும் தலைவலியும் உச்சத்துல நிக்கும். செவ்வாய், புதன் தாண்டிட்டா சனிக்கிழமை சம்பளத்தன்னைக்குக் கொஞ்சம் தெளிஞ்சிருப்ப. ரயிலேறற அன்னைக்கு மட்டும் ஆரம்பிக்காத. ரெண்டு நாள் பெட்டி முழுக்கக் கைனிப் புகையிலை கசக்குவாங்க.

இப்ப 18 முடிஞ்சிருச்சு, மெடிக்கல்ல 2 மில்லிகிராம் நிகோடின் கம் கேளு. எந்திரிச்ச அரை மணி நேரத்துல பை வைக்கற ஆளு நீ, அதனால 4 மில்லிகிராம் வேணுமான்னு டாக்டர்கிட்டக் கேட்டுக்க. பபுள்கம்னு நெனைச்சு மென்னா விக்கலும் குமட்டலும் வந்து தூக்கி எறிஞ்சிடுவ, நிறையப் பேரு அங்கேதான் விடறாங்க. மெதுவா மெல்லு. மிளகுக் காரம் ஏறினதும் கன்னத்துல ஒதுக்கு, அடங்கினதும் மறுபடி மெல்லு. ஒண்ணு அரை மணி நேரம் வரும். டீ, காபி குடிச்சா கால் மணி நேரம் கழிச்சுப் போடு, வாய் புளிச்சிருந்தா நிகோடின் ஏறாது. மொத ஆறு வாரம் ஒண்ணு ரெண்டு மணிக்கொருதரம், அப்புறம் குறைச்சு 12 வாரத்துல நிறுத்து.

நீ எடுக்கற அந்த இன்னொரு போதையைப் பத்தி இங்கே எழுத மாட்டேன். போதை மீட்பு உதவி எண் 14446க்கு போன் பண்ணு, காசில்லை. வடக்கத்திப் பையன்னு போலீஸ் புடிச்சுக்கும்னு பயந்து உக்காந்திருக்காத. தானா வந்து அரசு அங்கீகாரம் உள்ள இடத்துல சிகிச்சையை முழுசா எடுக்கறவங்களை, உபயோகிச்ச குத்தத்துக்கான வழக்குலேர்ந்து காப்பாத்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல 64ஏ பிரிவு இருக்கு.

ஆறு வாரம் தாண்டியும் உதட்டுல வெளுப்பு இருந்தா பல் டாக்டர்கிட்டக் காட்டு, துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க. ஊர்ல சித்தப்பா கைனி நீட்டினா வாயில புண்ணுன்னு சொல்லிடு.

அக்கா