கொழும்பின் தமிழ்மொழி மூல வகுப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான ஆசிரியர்களுக்கு,

தரம் 7இல் படிக்கும், திக்கிப் பேசும் ஒரு மகனின் தாய் நான். கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன்.

தமிழ்ப் பாடத்தில் வரிசையாக எழுப்பி ஆளுக்கொரு பந்தி வாசிக்கச் சொல்வீர்கள். அந்த நேரம் அவன் காதில் பாடம் விழாது. தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி, தன் பந்தியைக் கண்டுபிடித்து, அதில் தனக்குத் திக்கும் 'க', 'ப' என்று தொடங்கும் சொற்களைத் தேடிக்கொண்டிருப்பான். கேள்வி கேட்டால், விடை தெரிந்தும் "தெரியாது டீச்சர்" என்பான். அது அவனுக்குத் தடங்காமல் வரும். திக்கும் சொல்லுக்கு வேறு சொல் போட்டுத் தப்பலாம், ஆனால் சொந்தப் பெயருக்குப் பதிலாக வேறு சொல் போட முடியாதே! புது வகுப்பின் முதல் நாள் அவன் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

திக்கல் பயத்தாலோ வளர்ப்பாலோ வருவதில்லை. பேச்சை மூளை ஒழுங்குபடுத்தும் விதத்தில் உள்ள வேறுபாடு, பரம்பரையிலும் வரும். 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 5 பேர் சிறு வயதில் திக்குவார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது மாறிவிடும், ஏறத்தாழ ஒருவருக்குத் தொடரும். அப்படியென்றால் உங்கள் பாடசாலையிலும் சிலர் இருப்பார்கள், அநேகமாக வாய் திறக்காமல்.

பேச்சுச் சிகிச்சைக்கு பொரளை சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது, அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். வகுப்பறை உங்கள் கையில்.

"ஆறுதலாச் சொல்லு, மூச்சை எடு" என்று அன்பாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அதைக் கேட்டதும் வகுப்பே அவன் வாயைப் பார்க்கும், இன்னும் இறுகிவிடும். சொல்லை முடித்துக் கொடுக்கவும் வேண்டாம். அவன் முகத்தைப் பார்த்தபடி காத்திருங்கள், அவனே முடிப்பான். இடாப்புக் கூப்பிடும்போது கை உயர்த்தினால் போதாதா? வாசிப்புக்கு இன்னொரு பிள்ளையோடு சேர்த்து விடுங்கள். சேர்ந்து வாசித்தால் திக்கல் பெரும்பாலும் வராது, தேவாரம் பாடும்போது வராததுபோல. எப்படி வாசிக்க விருப்பம் என்று முதலில் அவனையே தனியாகக் கேளுங்கள். 'கொன்னை' என்று பட்டம் வைக்கும் பிள்ளைகளை அன்றைக்கே கண்டியுங்கள்.

அப்புறம், தமிழ்த்தினப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் எடுக்கும்போது அவனைத் தாண்டிப் போகாதீர்கள். வேண்டாம் என்றால் சரி, விட்டுவிடுங்கள். வருகிறேன் என்றால் பெயரை எழுதி, அவனுக்குக் கூடுதல் நேரம் தரும்படி நடுவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்