பச்சை ஜாக்கெட்டுக்காரருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர்,

என் அலமாரியில் எனக்குச் சொந்தமில்லாத ஒரு ஜாக்கெட் ஒன்பது மாதமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. பச்சை நிறம், வாத்து இறகு அடைத்தது, எனக்கு இரண்டு அளவு பெரியது. இடது முழங்கைக்குக் கீழே ஒரு கிழிசல், அதன்மேல் வெள்ளி நிற டேப். சொந்தக்காரர் யாரென்று தெரியாது. தெரிந்திருந்தால் நேரில் போய்க் கொடுத்திருப்பேன். இப்படி ஊரறிய எழுத வேண்டி வந்திருக்காது.

எழுதச் சொன்னது அம்மா. "இத்தனை பேர் உன்னை மலையிலிருந்து தூக்கி வந்திருக்கிறார்கள், நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி நன்றி சொல்ல மாட்டாயா?" என்று போடிநாயக்கனூரிலிருந்து வாரம் தவறாமல் கேட்கிறார். தூக்கி வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியாயிற்று. இது அம்மாவுக்கும், இந்த வாஷிங்டன் மாநிலத்து மலைகளில் எனக்குக் கயிறு பிடித்த நம்மவர்களுக்கும், "சனி, ஞாயிறுகளில் இவள் வீட்டிலேயே தங்க மாட்டாளா?" என்று விசாரிக்கும் உறவினர்களுக்கும்.

சியாட்டிலிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவில் ஸ்னோக்வால்மி கணவாய். உயரம் 921 மீட்டர்தான், கொடைக்கானலின் பாதிகூட இல்லை. ஆனால் பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று காஸ்கேட் மலைத்தொடரில் மோதி, தன் சுமையை அங்கே பனியாக இறக்கி வைத்துவிடும். ஈரமும் கனமுமான அந்தப் பனிக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்த பெயர் 'காஸ்கேட் கான்கிரீட்'. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நாங்கள் நால்வர் அந்தக் கணவாயை ஒட்டிய ஒரு பள்ளத்தாக்கில் காலில் ஸ்கீ என்னும் பனிச்சறுக்குப் பலகை மாட்டி ஏறினோம். லிஃப்ட் இல்லை, சீராக்கிய பாதை இல்லை. ஸ்கீயின் அடியில், பின்னால் வழுக்காமல் பிடிக்கும் ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டு ஏறவேண்டும், மேலே போய் அதை உரித்துச் சுருட்டி வைத்துவிட்டுச் சறுக்கி இறங்கவேண்டும்.

முந்தின நாள் மழை பெய்து இரவில் உறைந்திருந்தது. மேலே அப்பளம் போல் ஓர் ஓடு, அடியில் மாவு போல் பனி. ஓடு ஒரு திருப்பத்தில் தாங்கும், அடுத்ததில் நொறுங்கும். மற்ற மூவரும் நிதானமாகக் குறுக்கும் நெடுக்குமாக இறங்கினார்கள். நான் இறங்கிய அவசரத்துக்கு ஒரு காரணமும் கிடையாது. வலது ஸ்கீ ஓட்டுக்கு அடியில் புகுந்து நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. முழங்காலுக்குள் முருங்கைக்காய் ஒடிவது போல் ஒரு சத்தம்.

சாலைக்கு நான்கு கிலோமீட்டர். மணி இரண்டரை. அந்த மாதத்தில் ஐந்தரைக்கு இருட்டிவிடும்.

கூட வந்த கோவை அக்காவுக்கும் அண்ணனுக்கும், வான்கூவர் தம்பிக்கும் முதல் நன்றி. மூவரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. தம்பி செயற்கைக்கோள் கருவியில் அபாயப் பொத்தானை அழுத்தினான். அண்ணன் பனியில் இருக்கை போல் ஒரு குழி வெட்டி, மெத்தை விரித்து என்னை உட்கார்த்தினார். அக்கா பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடக் கையில் வைத்திருக்கும் குத்துக்கோலைப் பிரித்து, காலின் இருபுறமும் வைத்து, ரப்பர் வார்களால் கட்டினார். கட்டும்போது, "போன வாரம் எங்கள் வீட்டில் முருங்கைக்காய் சாம்பாரைக் குறை சொன்னாயே, அந்தப் பாவம்தான்," என்றார். வலியிலும் சிரித்துவிட்டேன்.

அப்போதுதான் அந்த இருவர் மேலிருந்து இறங்கி வந்தார்கள். ஒருவர் நரைத்த முடியைப் பின்னலாகப் போட்டிருந்தார். என்னைப் பார்த்தார், என் உதட்டைப் பார்த்தார், பையைத் திறந்து பச்சை ஜாக்கெட்டை எடுத்து என் தோளில் போர்த்தி, கழுத்துவரை ஜிப்பையும் இழுத்துவிட்டார். "நீங்கள் குளிரில் எப்படிப் போவீர்கள்?" என்று கேட்டேன். "நான் நகர்ந்துகொண்டிருப்பேன், நீ உட்கார்ந்திருப்பாய்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அதன்பின் நான்கு மணி நேரத்துக்குக் கிட்ட நான் உட்கார்ந்திருந்தேன்.

மீட்புக் குழுவினர் ஏழு மணிக்கு நெற்றி விளக்குகளோடு வரிசையாக மரங்களுக்கிடையே வந்தார்கள். கார்த்திகை தீபம் மலையேறி வருவது போல் இருந்தது என்று எழுதினால் மிகையாகத் தெரியும். அன்று எனக்கு அப்படித்தான் இருந்தது. இந்த மாநிலத்தில் தேடி மீட்கும் பொறுப்பு சட்டப்படி அந்தந்த கவுன்டியின், அதாவது மாவட்டத்தின், காவல் தலைவரான ஷெரிஃபுடையது. ஆனால் இருட்டில் நடந்து வருகிறவர்கள் தன்னார்வலர்கள். வாரநாட்களில் ஒருவர் தச்சு வேலை செய்கிறார், ஒருவர் பள்ளியில் கணக்கு நடத்துகிறார். என்னை ஒரு சறுக்குப் படுக்கையில் கட்டி, செங்குத்தான இடங்களில் மரத்தைச் சுற்றிக் கயிறு போட்டு, அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். தலைமாட்டில் நடந்த பெண் வழிநெடுக, "இப்போது ஒரு குலுக்கல் வரும், இதோ வருகிறது, முடிந்தது," என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு குலுக்கலைக்கூட அவர் சொல்லாமல் விடவில்லை. நான்கு கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம்.

அம்மாவின் முதல் கேள்வி, "எவ்வளவு கேட்டார்கள்?" ஒன்றும் கேட்கவில்லை, அம்மா. இங்கே மலை மீட்புக்குக் காசு வாங்குவதில்லை.

ஜாக்கெட்டும் சறுக்குப் படுக்கையும் கண்ணுக்குத் தெரிந்த உதவி. அதற்கு முன் ஒன்றரை வருடம் எனக்குக் கிடைத்ததெல்லாம் வேறு வகை. அப்போது அதை உதவியென்றே நான் எண்ணவில்லை, தொல்லை என்றுதான் நினைத்தேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய அக்டோபரில் கோவை அண்ணன்தான் என்னை வான்டேஜுக்கு அழைத்துப்போனார். சியாட்டிலில் மழை விடாது. மலைத்தொடரைத் தாண்டிக் கிழக்கே போனால் கொலம்பியா ஆற்றங்கரையில் வறண்ட வெயில். எரிமலைக் குழம்பு ஆறிப் பிளந்து, தூண் தூணாக நிற்கும் கருங்கற்கள். முதல் தூணில் ஆள் உயரத்துக்கு இருமடங்கு ஏறியதும் வலது கால் தானாக ஆட ஆரம்பித்தது. அதற்கு அங்கே 'தையல் மிஷின் கால்' என்றே பெயர். "குதிகாலைக் கீழே இறக்கு, மூச்சு விடு," என்றார் அண்ணன், கீழே கயிற்றைப் பிடித்தபடி. அன்று மாலை முடிச்சு சரியில்லை என்று ஏழு முறை அவிழ்த்துக் கட்டச் சொன்னார். ஏழாவது முறை எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, கோபத்தில்.

ஜனவரியில் பனிச்சரிவுப் பயிற்சி. ஆசிரியை ஒருவர் வாகன நிறுத்துமிடத்துப் பனியில் ஒரு பையைப் புதைத்துவிட்டு, தேடி எடுக்கச் சொன்னார். பைக்குள் எங்கள் எல்லார் மார்பிலும் கட்டியிருப்பது போன்ற ஒரு பீக்கன், புதைந்தவர் இருக்குமிடத்தை ரேடியோ அலையால் காட்டிக்கொடுக்கும் கருவி, 457 கிலோஹெர்ட்ஸில் துடித்துக்கொண்டு. அதன் அலை நேர்கோட்டில் வராது, வளைந்துதான் வரும். அதைப் பிடித்துக்கொண்டு நாமும் வளைந்து போகவேண்டும். நான் நேராக ஓடினேன். கண்டுபிடித்துத் தோண்டி எடுக்கப் பதினெட்டு நிமிடம். ஆசிரியை கடிகாரத்தைக் காட்டி, "நீ எடுத்தது சடலம்," என்றார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. குத்துக்கோல் தட்டிய இடத்தில் செங்குத்தாகத் தோண்டாமல், சரிவில் சற்றுக் கீழே தள்ளி நின்று பக்கவாட்டில் குடைய வேண்டும் என்பதை அன்று மாலைக்குள் கை கற்றுக்கொண்டது.

மறுநாள் மலையில், பனி அடுக்குகள் வழுக்குமா என்று பார்க்க, பனியை வெட்டி, முப்பது சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு தூண் பிரித்தார். மேலே மண்வாரியைக் கவிழ்த்து வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்து தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எங்கள் தூண் பன்னிரண்டாவது தட்டில் பலகை போல் வழுக்கி அவர் மடியில் விழுந்தது. எதிரே நாங்கள் இறங்க ஆசைப்பட்ட சரிவு, முப்பத்தைந்து பாகை, ஒரு தடம்கூடப் பதியாத வெண்மை. அன்றைய அபாய அறிவிப்பு ஐந்து படிகளில் மூன்றாவது. நடுவில் இருப்பதால் அது பாதிப் பத்திரம் என்று தோன்றிவிடும், எனக்கும் தோன்றியது. ஆசிரியை அந்தப் பலகையை மடியிலிருந்து தட்டிவிட்டு, "திரும்பலாம்," என்றார். 1910-இல் இதே மலைத்தொடரின் ஸ்டீவன்ஸ் கணவாய் அருகே பனிச்சரிவு இரண்டு ரயில்களைப் பள்ளத்தில் தள்ளி 96 பேரைக் கொன்ற கதையைத் திரும்பும் வழியில்தான் சொன்னார்.

ஆசிரியைக்கும், தினமும் அந்த அறிவிப்பை எழுதும் வடமேற்குப் பனிச்சரிவு மையத்தாருக்கும் நன்றி. அன்று மனத்துக்குள் உங்களைக் கோழைகள் என்றேன்.

மே மாதம் செயின்ட் ஹெலன்ஸ். 1980 மே 18 அன்று வெடித்துத் தன் உச்சியில் நானூறு மீட்டரை இழந்த எரிமலை. அன்னையர் தினத்தன்று அதில் ஏறுகிறவர்கள், ஆண்களும்கூட, கவுன் போட்டுக்கொண்டு ஏறிச் சறுக்கி இறங்குவது இங்குள்ள வழக்கம். நான் அம்மாவின் சுங்குடிச் சேலையை ஸ்கீ பேன்ட்டின்மேல் கட்டிக்கொண்டு போனேன். கொசுவம் அவிழாமல் அக்கா ஒன்பது ஊக்கு குத்தினார். 1,700 மீட்டர் ஏறி உச்சியை அடைந்ததும் எரிமலை வாயை எட்டிப் பார்க்கும் ஆசையில் முன்னே நடந்தேன். அங்கே விளிம்பு என்று தெரிவது விளிம்பு அல்ல. காற்று கட்டிவிட்ட பனிக் கூரை, அடியில் வெறும் அந்தரம். மஞ்சள் பூப்போட்ட கவுனும் மார்புவரை தாடியுமாக ஒரு பெரியவர் ஓடிவந்து என் முதுகுப்பையின் வாரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பனியில் மல்லாந்து விழுந்தேன். எழுந்து அவரை முறைத்தேன். ஐயா, அந்த முறைப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். படத்தைப் பார்த்த அம்மா கேட்டது வேறு: "சுங்குடியைப் பனியில் இழுத்திருக்கிறாயே, சாயம் போகாதா?"

ஜூலையில் ரெய்னியர் சிகரம், 4,392 மீட்டர். நள்ளிரவுக்கு மேல் மியூர் முகாமிலிருந்து கயிற்றில் கோத்துக்கொண்டு கிளம்பினோம். அன்றிரவு பனி உறையவே இல்லை. பூட்ஸின் அடியில் கட்டும் இரும்புப் பற்களான கிராம்பான் 'கறுக்' என்று கடிக்க வேண்டிய இடத்தில் சொதசொதவென்று இறங்கியது. பனியாற்றின் பிளவுகளைக் கடப்பது அவற்றின்மேல் படிந்த பனிப்பாலங்களை நம்பித்தான். உறையாத இரவில் அந்தப் பாலத்தை நம்ப முடியாது. பாறை முகட்டை நெருங்கியபோது மேலிருந்து கல் உருளும் சத்தமும் கேட்டது. "திரும்பிப் போவோம், அக்கா," என்றான் தம்பி. எங்களில் இளையவன் அவன். எட்டு மாதம் அந்த ஓர் இரவுக்காகப் படியேறிப் பழகியிருந்தேன். இறங்கும்போது அவனோடு பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. அவனும் அதைப் பிறகு எடுக்கவே இல்லை. தம்பி, நான்தான் எடுத்திருக்கவேண்டும். மன்னித்துக்கொள்.

அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீப்பிடித்து, மலையேறப் போன பிள்ளைகள் கருகிப்போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் மலையேற்றம் என்ற பேச்சையே எடுக்க முடியாது. புகை எங்கள் ஊரிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. அப்படிப்பட்டவர் மார்ச் மாதம் ஜவ்வு அறுவை சிகிச்சை முடிந்த பத்தாம் நாள் இங்கே வந்திறங்கினார். இரண்டு மாதம் இருந்தார், ஒரு முறைகூட "இனிமேல் போகாதே" என்று சொல்லவில்லை. சொல்வார் என்று தயாராக வைத்திருந்த பதில்களெல்லாம் வீணாயின. முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த தோழிகளுக்கும், முழங்காலை ஒவ்வொரு பாகையாக மடக்கிய பிசியோதெரபிஸ்டுக்கும் நன்றி. டிசம்பரில் சமதளத்தில் ஸ்கீ போட அனுமதி கிடைத்திருக்கிறது.

இப்போது ஜாக்கெட். பெரியவரே, அம்மா அதைத் துவைத்துவிட்டார், நான் தூங்கும்போது. இறகெல்லாம் ஈரத்தில் உருண்டு திரண்டு கொழுக்கட்டையாகிவிட்டது. அக்கா சொன்னபடி உலர்த்தியில் மூன்று டென்னிஸ் பந்துகளைச் சேர்த்துப் போட்டு ஓடவிட்டோம்; வீடே தடதடத்தது. பழைய உப்பல் வந்துவிட்டது. டேப்பை எடுக்கவில்லை. பையில் ஒரு ஆரஞ்சு நிற ஸ்கீ வாரும், உதட்டுக் களிம்பும், பாதி சாக்லேட்டும் இருந்தன. சாக்லேட்டை அம்மா தூக்கிப் போட்டுவிட்டார், அதற்கு வருத்தம். அந்த இடத்தில் ஒரு பொட்டலம் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் வைத்திருக்கிறார். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஒன்று மட்டும் கவனம்: குளிரில் அது கல்லாகிவிடும், கடிக்காமல் வாயில் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, அந்தப் பள்ளத்தாக்கின் வாகன நிறுத்துமிடத்தில் ஜாக்கெட்டுடன் நிற்பேன். அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்தில் ஒரு சீட்டும் ஒட்டியிருக்கிறேன். நீங்கள் வராவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் நிற்பேன்.

நன்றியுடன்,
முழங்காலில் பிளாஸ்டிக் பட்டை கட்டிய, உங்களைவிடக் குட்டையான பெண்