முதலில் தரை, கடைசியில் சுவர்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதமும் ஐந்து புகைப்படங்களும் கிடைத்தன. நடுச்சுவரை இடித்தாயிற்று, சாம்பல் நிற கேபினட்டுகளும் வந்தாயிற்று, தரை மட்டும் வெறும் சிமெண்டாகக் கிடக்கிறது, என்ன போடுவது என்று யோசித்து யோசித்துத் தூக்கமே வருவதில்லை என்று எழுதியிருந்தாய். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் இருக்கிறதடி. மூன்று வாரத்துக்கு முன்னால் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன், சொட்டு மருந்து மட்டும் தொடர்கிறது.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் போய் நின்ற இடம் சமையலறை. இடது கண்ணை மூடிப் பார்த்தால் என் கேபினட்டுகள் நீலம் கலந்த சாம்பலாகத் தெரிந்தன. வலது கண்ணை மூடிப் பார்த்தால் அதே கேபினட்டுகள் மேல் லேசான மஞ்சள் படிந்திருந்தது. வயதாக ஆக கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி நீல ஒளியை வடிகட்டிவிடுமாம். தெளிவான செயற்கை லென்ஸ் வைத்ததும் அந்த நீலம் முழுசாக உள்ளே வந்துவிட்டது. 'என் சமையலறைச் சாம்பலில் நீலமே கிடையாது' என்று உன்னிடம் எத்தனை முறை அடித்துச் சொல்லியிருப்பேன்! இருந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

உன் கேள்விக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. சாம்பல் தனியாக நிற்கும் நிறம் இல்லை. பக்கத்தில் எது இருக்கிறது, எந்த விளக்கு எரிகிறது, யார் பார்க்கிறார்கள் என்பதையெல்லாம் வைத்துத்தான் அது என்ன நிறம் என்றே முடிவாகும். பாரிஸில் கோப்லாங் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். நீலத் துணி மடிப்புகளின் நிழலுக்கு வைத்த கறுப்பு நூல் வலுவில்லாமல் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. அவர் சாயத்தைச் சோதித்துப் பார்த்தார், குறை சாயத்தில் இல்லை. பக்கத்து நூல்களின் நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது. 1839-ல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். கறுப்புக்கே அந்தக் கதி என்றால் சாம்பலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிவப்புப் பக்கத்தில் வைத்தால் பச்சை தட்டும், மஞ்சள் பக்கத்தில் வைத்தால் ஊதா தட்டும்.

அதனால் முதல் வேலையாக, பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை உன் கேபினட் கதவின் மேல் வைத்துப் பார். அந்தச் சாம்பலுக்குள் ஓடுவது நீலமா, பச்சையா, ஊதாவா, இல்லை பழுப்பா என்று தெரிந்துவிடும். புகைப்படத்தில் எனக்குக் கொஞ்சம் பச்சையாகப் பட்டது. ஆனால் கேமரா தன் இஷ்டத்துக்கு வெள்ளையைச் சரிசெய்துகொள்ளும், என் கண்களோ இப்போதைக்கு ஆளுக்கொரு நிறம் சொல்கின்றன. நீயே பார்ப்பதுதான் சரி.

சுவருக்கு எந்தப் பெயிண்ட் என்றுதான் உன் கடிதத்தில் பாதி. அதை அப்படியே ஒதுக்கி வை. திறந்த சமையலறையில் தரைதான் மிகப் பெரிய பரப்பு. மாற்றுவதற்கு மிகவும் கஷ்டமானதும் அதுதான். பெயிண்டை இரண்டு நாளில் மாற்றிவிடலாம். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். சுவரை முடித்துவிட்டு, அதற்குப் பொருத்தமாக ஒரு சாம்பல் டைலைக் கடையின் பளீர் விளக்கில் பார்த்து வாங்கினேன். வீட்டில் போட்ட அன்று சாயங்காலம் தரை முழுக்க லாவெண்டர் பூத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு நான் அழுதது உனக்குத் தெரியும். பிறகு பல்புகளை எல்லாம் மாற்றி, சுவரையும் மாற்றித்தான் ஒருவழியாகச் சமாளித்தேன்.

சாம்பல் கேபினட்டுக்குச் சாம்பல் தரை வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்து, ஆனால் ஒன்றாக இல்லாமல் போனால், பார்க்கிறவர்களுக்கு ஏதோ தப்பு நடந்த மாதிரியே தோன்றும். ஒன்று அச்சு அசலாகப் பொருந்த வேண்டும், இல்லையென்றால் தெளிவாக வித்தியாசம் தெரிய வேண்டும். மரநிறத் தரை உனக்கு நன்றாக அமையும். அதிலும் ஒரு கவனம் தேவை. ஆரஞ்சு தட்டும் மரமும் நீலம் ஓடும் சாம்பலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், மரம் இன்னும் ஆரஞ்சாகவும் சாம்பல் இன்னும் நீலமாகவும் தெரியும். உன் சாம்பலில் நீலம் இருந்தால் மஞ்சள் குறைந்த, வெளிறிய ஓக் நிறத்துக்குப் போ. பழுப்பு இருந்தால் தேன் நிற ஓக் கூடச் சேர்ந்து போகும். ரொம்பக் கறுத்த வால்நட் நிறம் அழகுதான், ஆனால் கறுத்த தரையில் ஒவ்வொரு தூசியும் தெரியும். நடுத்தர நிறத்தில் பளபளப்பு இல்லாத தரைதான் அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும்.

எந்தப் பொருள் என்பதில்தான் நீ நிதானமாக யோசிக்க வேண்டும். அம்மா உன்னோடு இருக்கிறார்கள், அதையும் மறக்கக் கூடாது. மரத்தோற்றம் கொண்ட போர்சலின் டைலுக்குத்தான் என் முதல் ஓட்டு. அது 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது, எண்ணெய்க்கும் பயமில்லை. வழுக்காத தன்மைக்கு ஆர்9 முதல் ஆர்13 வரை தரம் போட்டிருப்பார்கள், நீ ஆர்10-க்குக் குறையாமல் கேள். பாலிஷ் டைலைத் தொடவே தொடாதே. பலகை மாதிரி நீளமான டைல்கள் நடுவில் மிக லேசாக வளைந்திருக்கும். செங்கல் அடுக்குவதுபோல் பாதிக்குப் பாதி தள்ளி ஒட்டினால் ஒன்றின் மேடும் இன்னொன்றின் விளிம்பும் சேர்ந்து காலில் தட்டும். மூன்றில் ஒரு பங்கு தள்ளி ஒட்டச் சொல். இடுக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் போதும். அதை நிரப்ப வெள்ளை வேண்டாம், டைலின் நிறத்தை ஒட்டிய எபாக்ஸி என்ற பிசின் கலவையைப் போடச் சொல், கறை பிடிக்காது.

டைல் காலுக்குச் சில்லென்று இருக்கும், அம்மாவுக்குக் கஷ்டம் என்று நினைத்தால் வினைல் என்ற பிளாஸ்டிக் பலகைகளைப் பார். கல்தூள் கலந்த உறுதியான வகை ஒன்று இருக்கிறது. மேலே இருக்கும் தேய்மான அடுக்கு 0.5 மில்லிமீட்டராவது இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. ஒன்றோடொன்று கோத்துப் போடும் இந்த வகைத் தரை சூட்டுக்கும் குளிருக்கும் விரிந்து சுருங்கும். சுவரோரம் இடைவெளி விட வேண்டும், சமையலறை நடுவில் நிற்கும் நடுமேடை மாதிரி கனமானதை அதன் மேல் வைத்து ஆணி அடிக்கக் கூடாது. மரத்தூள் பலகை மேல் மரப் படம் ஒட்டிய சாதாரண லேமினேட் வேண்டவே வேண்டாம். சிங்க் ஓரத்தில் தண்ணீர் நின்றால் விளிம்பு உப்பிவிடும்.

ஹாலுக்கு ஒரு தரை, சமையல் பக்கத்துக்கு ஒரு தரை என்று கேட்டிருந்தாய். முடிந்தவரை ஒரே தரையாக ஓடவிடு, இடம் பெரிதாகத் தெரியும், சுவரை இடித்ததற்கும் பலன் கிடைக்கும். இரண்டு போட்டே ஆக வேண்டும் என்றால், சேரும் கோடு நடக்கும் வழியில் வராமல் நடுமேடையின் ஓரத்தோடு போகட்டும், இரண்டின் மட்டமும் ஒன்றாக இருக்கட்டும். சின்ன ஏற்றம்கூட அம்மாவின் காலைத் தடுக்கும். அப்புறம் டைலும் அதன் அடிப்பசையும் சேர்ந்து தரை எவ்வளவு உயரும் என்று அளந்துகொள். சமையல் மேடைக்கு அடியில் இயந்திரம் ஏதாவது வைப்பதாக இருந்தால் பிறகு அது உள்ளே நுழையாது.

விளக்கைப் பற்றி ஒன்றே ஒன்று. பல்பின் ஒளி நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். ஒரே இடத்தில் மஞ்சள் தட்டும் 3000 கெல்வின் பல்பும் நீலம் தட்டும் 6500 கெல்வின் பல்பும் கலந்து எரிந்தால், உன் கேபினட் ஒரு மூலையில் ஒரு நிறம், இன்னொரு மூலையில் வேறு நிறம். எல்லாம் 3000 ஆக இருக்கட்டும். நிறத்தை உண்மையாகக் காட்டும் அளவு என்று பெட்டியில் சி.ஆர்.ஐ. போட்டிருக்கும், அது 90-க்கு மேல் இருக்க வேண்டும்.

மேடைக்கல்லுக்கு மார்பிள் வேண்டாம், புளிப்பான சாறு எது பட்டாலும் தழும்பு விழும். சுவருக்கு லேசாகப் பழுப்பு கலந்த வெள்ளை. பிறகு ஒரே ஒரு நிறத்தை மட்டும் உள்ளே விடு. நானாக இருந்தால் மங்கலான இலைப்பச்சையைத்தான் எடுப்பேன். நாற்காலி மெத்தையில் கொஞ்சம், சாப்பாட்டு மேசைக்குப் பின்சுவரில் கொஞ்சம். சாம்பலுக்கு உயிர் வந்துவிடும். பித்தளைக் கைப்பிடிகளும் அந்தக் குளிர்ச்சியைக் குறைக்கும்.

கடைக்குப் போகும்போது டிராயர் முகப்பு ஒன்றைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போ. ஷேடு கார்டு போதாது. பிடித்த தரையில் மூன்று நான்கு துண்டு கேட்டு வாங்கி வந்து, தரையிலேயே படுக்கப் போட்டுப் பார், கையில் நிமிர்த்திப் பிடித்துப் பார்க்காதே, வெளிச்சம் விழும் விதமே வேறு. பெயிண்டைச் சுவரில் அடிக்காமல் பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, அதை நிமிர்த்தி வைத்துப் பார். காலை, மத்தியானம், விளக்கு போட்ட பிறகு என்று மூன்று நாளாவது பார்த்துவிட்டு முடிவெடு. வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் நிறச் சாயலைக் குறிக்கும் ஷேடு எண் ஒன்றா என்று சரிபார்த்துக்கொள். 10 சதவீதம் கூடுதலாக வாங்கி, வேலை முடிந்த பிறகும் ஒரு பெட்டியை எடுத்து வைத்துவிடு.

அடுத்த மாதம் எனக்கு இடது கண்ணிலும் அறுவை. அது ஆறியதும் நேரே உன் வீட்டுக்குத்தான் வருகிறேன், இரண்டு கண்ணும் ஒரே நிறம் சொல்லும் அந்த நாளுக்காகக் காத்திருக்கிறேன். தரை அதற்குள் முடிந்திருந்தால் சந்தோஷம். அட்டைகளை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதே, சுவர் நிறத்தை நாம் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். வெள்ளைக் காகிதத்தில் என்ன தெரிந்தது என்று உடனே எழுது.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

என்றும் உன்
பழைய பெஞ்சுத் தோழி