வாடகையை வாங்குங்கள், வழக்கைக் கேட்க ஓரிடம் கொடுங்கள்

நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறையின் மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கும் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம். எங்கள் ஊர் நகராட்சி தினசரிச் சந்தையில் சென்ற வாரம், காய்கறி லாரிகள் வந்து நிற்கும் விடியற்காலையில், வாடகை நிலுவை என்று சொல்லி ஒரு வரிசைக் கடைகளைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். அந்தக் கடைக்காரர்களில் பலர் வாடகை கொடுக்க மறுத்தவர்கள் அல்லர். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதில் வழக்காடிக்கொண்டிருப்பவர்கள்.

பின்னணி தாங்கள் அறிந்ததே. 2007-ஆம் ஆண்டின் 92-ஆம் எண் அரசாணைப்படி மூன்றாண்டுக்கு ஒருமுறை 15 விழுக்காடு உயர்ந்துவந்த வாடகை, ஒன்பதாண்டு முடிந்ததும் சந்தை மதிப்பை வைத்து மறுநிர்ணயம் செய்யப்பட்டு, எங்கள் நகராட்சியில் 1.7.2016 முதல் முன்தேதியிட்டுக் கணக்கிடப்பட்டது. அன்று முதல் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அந்தத் தொகை சரியா என்று விசாரிக்க, நகராட்சிக்கு வெளியே, மாவட்டத்துக்கு உள்ளே, அதிகாரமுள்ள ஒரு மன்றம் வேண்டும்.

தனியார் கட்டடத்தில் கடை வைத்திருப்பவருக்கு அது இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், வாடகை அதிகார அமைப்பு, வாடகை நீதிமன்றம், தீர்ப்பாயம் என்று படிகள் அமைத்துக் கொடுத்தது. உள்ளாட்சிகளுக்குச் சொந்தமான கட்டடங்களுக்கு அது பொருந்தாது என்று அதன் மூன்றாம் பிரிவே எங்களை வெளியே நிறுத்திவிட்டது. 2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் விதிகளோடு நடைமுறைக்கு வந்தபோது வழி பிறக்கும் என்று நம்பினோம். எங்கள் சந்தையில் எதுவும் மாறவில்லை. ஆகவே நூறு ரூபாய் வித்தியாசத்துக்கும் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அங்கே பெரும்பாலும் கிடைப்பது, நகராட்சி ஆணையர் எங்கள் கோரிக்கையைப் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்ற உத்தரவு. வாடகையை நிர்ணயித்த அலுவலகமே பரிசீலித்து, தான் நிர்ணயித்தது சரியே என்று கண்டுபிடித்துக் கடிதம் அனுப்புகிறது. தன் விடைத்தாளைத் தானே திருத்தும் இந்தச் சலுகை எங்கள் பிள்ளைகளுக்கும் கிடைத்தால் மகிழ்வோம்.

வெற்றிலை வரிசையில் ஒரு மூதாட்டி இருக்கிறார். எட்டுக்குப் பத்தடிக் கடை. ஈரச் சாக்கின் மேல் கவுளி கவுளியாக அடுக்கி விற்பவர். உரிமம் இறந்துபோன கணவரின் பெயரில் இருக்கிறது. பழைய வாடகையை மாதந்தோறும் முடிந்துகொண்டு வசூல் மையத்துக்குப் போவார்; நிலுவை முழுவதையும் கட்டினால்தான் கணினி ரசீது தரும் என்று திருப்பி அனுப்புவார்கள். வாங்க மறுத்த அந்தத் தொகை அடுத்த மாதம் நிலுவையில் ஏறிவிடும். நிலுவை இருப்பதால் வாரிசுப் பெயர் மாற்றம் கிடையாது. பெயர் இல்லாததால் அவருடைய ஆட்சேபணை மனுவுக்கு மதிப்புக் கிடையாது. சீல் வைத்த அன்று உள்ளே அகப்பட்ட வெற்றிலையை எடுத்துக்கொள்ளக் கேட்டபோது, மனுவாக எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தார். பதில் வருவதற்குள் வெற்றிலை அழுகிவிட்டது.

வாடகைக்கு மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி வேறு. தக்காளிக்கும் கத்தரிக்காய்க்கும் வரி இல்லை என்பதால், காய்கறி மட்டும் விற்பவர் அந்தத் தொகையை எதிலும் கழித்துக்கொள்ள முடியாது. மழை வந்தால் சரக்கின் மேல் தார்ப்பாய் விரிக்கிறோம். வாடகையை நிர்ணயித்தவர்களின் பார்வைக்குச் சந்தை மதிப்பு தெரிந்த அளவுக்குக் கூரையின் ஓட்டை தெரியவில்லை போலும். அது தனி மடலுக்கு உரியது.

நகராட்சிக்கு வருவாய் வேண்டும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. குறைந்த வாடகைக்கு எடுத்த கடையைக் கூடுதல் உள்வாடகைக்கு விட்டு வீட்டிலிருந்தே சம்பாதிப்பவர்களும் எங்களிடையே உண்டு. அவர்களை வெளியேற்றினால் எங்களில் யாரும் குறுக்கே நிற்கப் போவதில்லை. ஆனால் அவர்களையும் வெற்றிலைக்கார அம்மாவையும் பிரித்தறிய யாராவது உட்கார்ந்து விசாரிக்க வேண்டாமா?

எனவே பணிவுடன் மீண்டும் கேட்கிறோம். உள்ளாட்சிக் கடைகளின் வாடகை வழக்குகளை விசாரிக்க மாவட்டந்தோறும் நகராட்சியைச் சாராத ஒரு மன்றத்தை ஏற்படுத்துங்கள். அது அமையும் வரை, நாங்கள் கொண்டுவரும் வாடகையை, வழக்கின் முடிவுக்கு உட்பட்டது என்று குறித்தாவது வாங்கிக்கொண்டு, ரசீது கொடுக்குமாறு ஆணையர்களுக்கு அறிவுறுத்த வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தினசரிச் சந்தைக் கடை வாடகைதாரர்களுள் ஒருவன்