பேளெ, பெலெ, பெளெ

சேலம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் "சரி, சரி" என்று பாதியில் வைத்துவிடுவாய். கடிதமென்றால் ஒருதரமாவது முழுதாகப் படிப்பாய்.

பெங்களூரில் ஹனுமந்தநகரில் வீடு பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டதாகச் சொன்னாய். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. அதைக் கவனிக்காமல் நீ அடுத்த வார்த்தை சொன்னாய்: "இங்கே எல்லாம் ஒரே கன்னடம் அம்மா. அல்சூர் பக்கம் கிடைத்திருந்தால் தமிழிலேயே ஓட்டியிருக்கலாம்." அந்தப் பேச்சுக்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

தமிழிலேயே ஓட்டியவள் நான். 1983-ல் கல்யாணமாகி ஸ்ரீராமபுரத்தில் குடிவைத்தார் உன் அப்பா. மளிகைக்கடை, தையல்காரர், ரேஷன் வரிசை, ஆடி மாதம் கூழ் ஊற்றுவது, எல்லாம் தமிழ். ஐந்து வருஷம் அப்படியே போனது. மெஜஸ்டிக் பஸ் நிலையம் தாண்டினால் நான் ஊமை. பஸ் போர்டு படிக்கத் தெரியாது. உன் அப்பா பஸ் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புவார். ஒருநாள் சீட்டைத் தொலைத்துவிட்டு, உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டிலேயே இரண்டு மணி நேரம் நின்றேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்க வெட்கம்.

1988-ல், நீ கைக்குழந்தை, ஹனுமந்தநகருக்கு மாறினோம். நம் ஊர் ஸ்டோர் வீடு மாதிரி ஒரே வளாகத்தில் ஏழு குடித்தனம். அங்கே அதை வட்டாரா என்பார்கள். குழாய் ஒன்றுதான். எங்களைத் தவிர ஆறு வீடும் கன்னடம். வீட்டுக்காரரின் தாயாரை எல்லோரும் அஜ்ஜி என்போம். அவருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும் என்பது ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. தமிழில் பேசினால் இந்தப் பெண் கன்னடத்தைத் தொடவே மாட்டாள் என்று வாயைத் திறக்காமலே இருந்திருக்கிறார்!

முதல் மாதம் துவரம்பருப்பு வாங்கப் போன கதையை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? பருப்புக்கு பேளெ. விலைக்கு பெலெ. "பேளெ பெலெ எஷ்டு?" என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கடை வாசலில் நின்றதும் குறில் நெடில் எல்லாம் குழம்பி, வாயில் வந்தது பெளெ. பெளெ என்றால் விளைச்சல். கடைக்காரர் சிரிக்காமல், எந்த ஊரில், எத்தனை ஏக்கர் என்று கேட்டார். பின்னால் நின்ற பெண்கள்தான் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். அஜ்ஜி என்னைக் குழாயடியில் நிறுத்தி, நாக்கை மடித்துக் காட்டி, மூன்று வார்த்தையையும் குடம் நிரம்பும்வரை சொல்ல வைத்தார். நம் வீட்டில் பள்ளிக்கும் பல்லிக்கும் வித்தியாசம் பார்த்தவர் யார்? கன்னடம் கற்கப் போய்த்தான் என் தமிழ் ளகரமே திருந்தியது.

அதற்குப் பிறகு ஒரு சூட்சுமம் பிடிபட்டது. மார்கழி வாக்கில் அங்கே அவரைக்காய் குவியும். கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துக் குழம்பு வைப்பார்கள், ஹிதுகித பேளெ என்று. கேட்டதும் தூக்கிவாரிப்போட்டது: நம் பிதுக்கிய பருப்பேதான்! நம் பகரத்தை எடுத்துவிட்டு ஹகரத்தை வைத்திருக்கிறார்கள். பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, புளி ஹுளி, பாம்பு ஹாவு, பூ ஹூவு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கன்னடத்தில் பால் பாலாகத்தான் இருந்தது என்று எம்.ஏ. படித்த அஜ்ஜியின் பேரன் சொன்னான். நம் வகரம் அங்கே பகரமாகும்; பஸ் என்னும்போது வருகிற ப. வெல்லம் பெல்ல, வெண்ணெய் பெண்ணெ, விலை பெலெ. விளைச்சல் ஏன் பெளெ என்று இப்போது தெரிகிறதா? வா என்பது பா. மரியாதையாக வாருங்கள் என்பதற்கு பன்னி. உன் பாட்டி முதல்முறை வந்தபோது அஜ்ஜி வாசலில் நின்று கைகூப்பி "பன்னி, பன்னி" என்று வரவேற்க, பாட்டியின் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். ஆட்டோக்காரரானாலும் கீரைக்காரம்மாவானாலும் நீ பா என்று சொல்லிவைக்காதே. பன்னி.

பக்கத்துக் கவிபுரத்தில் எழுத்தாளர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் வீடு. நாங்கள் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு காலமாகிவிட்டார். வீட்டில் தமிழ் பேசிய குடும்பம், எழுதியதெல்லாம் கன்னடம், 1983-ல் ஞானபீடம் வாங்கினார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "உங்கள் ஆள்தான்" என்பார் அஜ்ஜி. பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இனி, உன் அப்பா உன்னிடம் பேச விரும்பாத விஷயம். 1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் இடைக்காலத் தீர்ப்பு கொடுத்தது, தமிழ்நாட்டுக்கு 205 டிஎம்சி என்று. டிசம்பரில் அது அரசிதழில் வந்ததும் பெங்களூர் பற்றி எரிந்தது. ஸ்ரீராமபுரத்தில் நமக்குத் தெரிந்தவர்கள் வீட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். நாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். நீ தமிழில் ஏதாவது சத்தம் போட்டுவிடுவாயோ என்று உன் வாய்ப்பக்கமே என் கை இருந்தது. நீ என்ன செய்தாய் தெரியுமா? "அம்மா, நீரு பேக்கு" என்று கத்தினாய். தெருப் பிள்ளைகளோடு ஆடி ஆடி உனக்குத் தாகம்கூடக் கன்னடத்தில்தான் எடுத்தது. வாசலில் அஜ்ஜி ஒரு முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்தார். அன்றும் மறுநாளும் இருட்டும்வரை அங்கேயே. எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நமக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பயம் போகவில்லை. அடுத்த வருஷம் அப்பா வங்கியில் மாற்றல் கேட்டு வாங்கி சேலம் வந்துவிட்டோம். கிளம்புகிற அன்று அஜ்ஜி "மத்தெ பர்தீரா?" என்று கேட்டார், மறுபடி வருவீர்களா என்று. "பர்தீவி" என்றேன். போகவே இல்லை. இங்கே வந்த ஆறே மாதத்தில் நீயும் கன்னடம் முழுவதையும் மறந்துவிட்டாய். உன்னைக் குறை சொல்ல மாட்டேன், பேச்சு நின்றுபோக விட்டவள் நான்.

நம் தெருவில் தறி போடும் தேவாங்கர் வீடுகளை நினைத்துப் பார். சிலர் வீட்டுக்குள் கன்னடம், சிலர் வீட்டில் தெலுங்கு. வாசலைத் தாண்டினால் நம்மைவிட நல்ல சேலத்துத் தமிழ். அவர்களை வெளியூர்க்காரர்கள் என்று நாம் ஒருநாளாவது நினைத்ததுண்டா?

பாப்பாவுக்குப் பள்ளியில் கன்னடம் கட்டாயமாமே என்று கவிதா கவலைப்பட்டாள். 2015-ல் வந்த சட்டம். இங்கே 2006-ல் தமிழுக்கு அப்படிச் சட்டம் வந்தபோது நியாயம்தானே என்றவன் நீ. பாப்பா மூன்றே மாதத்தில் பேசிவிடுவாள். எனக்கு உன்னைப் பற்றித்தான் கவலை. உன் வயதில் எல்லோரும் ஆங்கிலத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறீர்கள். யாராவது கன்னடத்தில் கேட்டால் "கன்னட கொத்தில்லா", கன்னடம் தெரியாது என்று கதவை அடைக்காதே. "சொல்ப சொல்ப பருத்தே" என்று சொல்லு, கொஞ்சம் கொஞ்சம் வரும் என்று. அதற்குப் பிறகு தப்புத்தப்பாகவே பேசு. எதிரில் நிற்பவர் தமிழுக்கு மாறினாலும் நீ மாறாதே. அங்கே பாதிப் பேருக்குத் தமிழ் புரியும், அதுதான் உன் முதல் ஆபத்து. முரட்டுத்தனமாக அதட்டுகிறவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் சான்றிதழ் வாங்கவா நீ கற்றுக்கொள்ளப் போகிறாய்? தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடு.

பசவனகுடிப் பெரிய நந்தி கோயிலில் கார்த்திக மாதக் கடைசித் திங்கட்கிழமை கடலைக்காய் பரிஷெ என்று கடலைத் திருவிழா நடக்கும். தெரு இரண்டு பக்கமும் நிலக்கடலைக் குவியல். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பா நடந்த தெரு அது. இந்த வருஷம் அதற்கு நான் வருகிறேன், அப்பாவையும் இழுத்துக்கொண்டு. அதற்கு முன்னால் அந்த வட்டாரா வீடு இன்னும் இருக்கிறதா, இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வா. இருந்தால் அஜ்ஜியின் பேரன் அங்கே இருப்பான். நான் வருகிறேன் என்று மட்டும் சொல்லு, கன்னடத்தில்.

மிளகாய்த்தூளும் வடகமும் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். பருப்பு அனுப்பமாட்டேன். அதை நீயே கடையில் கேட்டு வாங்கிக்கொள்.

அன்புடன்,
அம்மா