சித்தி சீரியல் பாட்டை இப்போ ஓட்டாதே

நாகர்கோவில்
ஞாயிறு

மக்கா,

ஆறு மாசமா பதில் போடாததுக்கு வாயில வர்றத எல்லாம் சொல்லித் திட்டிக்கோ. வீட்டுல எல்லாரும் சொகம்.

இப்போ எழுதுதது ஒன் கேசட் பெட்டிக்காக. டிவி முன்னால டேப் ரெக்கார்டர வச்சுப் புடிச்ச சீரியல் பாட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறேன்னு எழுதியிருக்க. லே, ஒண்ணையும் ஓட்டிராதே! குளச்சல் கடக்காத்து, வருசத்துக்கு ரெண்டு மழக்காலம், போதாததுக்கு அட்டாலியில பத்திருவது வருசம். கேசட்டுல உள்ள சன்னல் வழியா டார்ச் அடிச்சுப் பாரு. சுருள் ஓரத்துல மாவு தூவினாப்ல வெள்ளை தெரிஞ்சா பூஞ்சை. ஓட்டினா ப்ளேயர் ஹெட்டுல (நாடாவத் தொட்டுப் படிக்குத பாகம்) ஒட்டும், அடுத்து போடுத கேசட்டுக்கும் ஏறும். அத தனியா எடுத்து வை; சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுல ஒரு வாரம் காயட்டும்.

சுத்தமா இருக்கதையும் முதல்ல பென்சில் வச்சு இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் கையால சுத்து. ஒட்டிக் கிடந்தா மோட்டார் இழுத்து அத்துரும். சி-90 நாடா சி-60ஐ விட மெலிசு, அதுல இன்னும் பதனம். நாடாவுக்குப் பின்னால செம்புத் தகட்டுல ஒரு பஞ்சுத் துண்டு ஒட்டியிருக்கும், விழுந்துருச்சான்னு பாரு. அது இல்லேன்னா நாடா ஹெட்டுல படியாது, பாட்டு மங்கி மங்கிக் கேக்கும். விழுந்திருந்தா, அஞ்சு ஸ்க்ரூ போட்ட பழைய பக்திப் பாட்டு கேசட் ஒண்ணக் கழத்தி, அந்தக் கூட்டுக்குள்ள நம்ம சுருள மாத்து. அம்மை கிட்ட கேட்டுட்டு எடு.

ப்ளேயர்ல பெல்ட் எளகி தாரு மாதிரி ஆயிருக்கும். மாத்தாம முடியாது. ஹெட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல நனச்ச பட்ஸால தொட. ஹெட்டுக்குப் பக்கத்துல ஸ்பிரிங் போட்ட குட்டி ஸ்க்ரூ ஒண்ணு இருக்கும். புடிச்ச மெஷின்ல ஹெட் ஒரு சாய்வு, ஒன் மெஷின்ல வேற சாய்வு. பாட்டு போர்வைக்குள்ள கேக்கது அதனாலதான். தூர்தர்ஷன் சின்னம் சுத்தும்போது வருமே, ரவிசங்கர் மெட்டு, அலி அகமது ஹுசைன் கான் ஷெனாய், அத ஓட்டிக்கிட்டே ஸ்க்ரூவ மெதுவாத் திருப்பு. ஷெனாய் கூர்மையாக் கேக்குத எடத்துல நிறுத்து. கால் சுத்துக்கு மேல திருப்பாதே.

லேப்டாப்ல இருக்க ஒத்த ஓட்டைல சொருகாதே. அது ஹெட்போனுக்கும் மைக்குக்கும் உள்ளது, அதுல ப்ளேயரோட ஹெட்போன் வயரக் குடுத்தா பாட்டு கிழிஞ்சு கேக்கும். லைன்-இன் (ப்ளேயர் சத்தத்த வாங்குததுக்குள்ள ஓட்டை) உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கு. உச்ச சத்தம் மைனஸ் 6 டெசிபலத் தாண்டாம பாத்துக்கோ. எம்பி3 வேண்டாம், வேவ் (WAV) ஃபைலா சேமி.

வேகந்தான் எல்லாரும் கோட்டை விடுத எடம். சித்தி சீரியல்ல நித்யஸ்ரீ பாடினத இணையத்துல கேட்டு ஒத்துப் பாரு. ஒன்னுதுல அரை சுரம் எறங்கியிருந்தா, பாட்டு கிட்டத்தட்ட 6 சதவீதம் மெதுவா ஓடுதுன்னு அர்த்தம். ஆடாசிட்டிங்குத ஆடியோ எடிட்டர்ல வேகத்த மாத்து. சுருதிய மட்டும் மாத்தினா தாளம் இழுத்துக்கிட்டே கெடக்கும். ஒரே கேசட்டுல மகாபாரத் சங்கும் இருந்தா அதுக்கும் அதே அளவு போதாது, வேற நாள் வேற பேட்டரில புடிச்சிருப்போம். (சங்கு ஊதினதும் யாரு சைக்கிளப் போட்டுட்டு ஓடினான்னு இந்தக் கடிதத்துல எழுதல.)

இரைச்சல் எடுக்கது 6, 8 டெசிபலோட போதும். ஆசப்பட்டு 20 வச்சா மால்குடி டேஸ்ல எல்.வைத்தியநாதனோட மெட்டு கொடத்துக்குள்ள பாடினாப்ல ஆயிரும். கரண்டு உறுமல் 50 ஹெர்ட்ஸ்லயும் 100 ஹெர்ட்ஸ்லயும் இருக்கும், அத மட்டும் வெட்டு.

இன்னொண்ணு மக்கா. மெட்டி ஒலி பாட்டு முடியுத நேரத்துல, ‘சத்தத்தக் கொறலே, தலைவலிக்கு’ன்னு அப்பா சொல்லுதது பதிஞ்சிருக்கு. நாலு செகண்டு இருக்கும். அதுல ஒரு வடிகட்டியும் போடாதே. ஒரு பிரதி எனக்கு அனுப்பு.

பெல்ட் கெடைக்கலேன்னா பழசோட சுத்தளவ நூல் வச்சு அளந்து எழுது, இங்க தேடுதேன்.

ஒன் மக்கா