அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிவோருக்கு: திருநர் நோயாளியிடம் எதைக் கேட்பது, எதை விடுவது

அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும், பதிவு மேசையில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

உடம்புக்கு முடியாமல் போகும் திருநங்கைகளுக்கும், பிறப்பில் பெண் என்று பதிவாகி ஆணாக வாழும் திருநம்பிகளுக்கும் துணையாக உங்கள் வாசலுக்கு வந்துபோகிறவள் நான். நள்ளிரவிலும் ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் கால்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன்.

எங்களில் பலர் உங்களிடம் தாமதமாகத்தான் வருகிறோம். என்ன கேட்பார்களோ, யார் சிரிப்பார்களோ என்று அஞ்சி வலியைப் பொறுத்துப் பொறுத்து, இனி முடியாது என்ற பிறகே கிளம்புகிறோம். அதனால் நீங்கள் பார்ப்பது முற்றிய நோயாகவே இருக்கக்கூடும். வாசலிலேயே ஒரு ஏளனப் பார்வை விழுந்துவிட்டால், உள்ளே கேட்கப்படும் கேள்விக்கு முழுப் பதில் வராது. மருந்தை மறைப்பார்கள், அறுவை சிகிச்சையை மறைப்பார்கள். நோயறிதல் அங்கேயே தடம் மாறிவிடும்.

2019இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த நிகழ்வு ஒன்றை நீங்கள் அனைவரும் படிக்க வேண்டும். 32 வயதுத் திருநம்பி ஒருவர் கடும் வயிற்றுவலியோடு அவசரப் பிரிவுக்கு வந்தார். பதிவில் 'ஆண்' என்று இருந்தது. தான் திருநம்பி என்பதையும், வீட்டில் செய்த கர்ப்பப் பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்ததையும் அவரே சொன்னார். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்ட, உடல் பருத்த ஒரு ஆணின் வயிற்றுவலி என்றே அது முதலில் மதிப்பிடப்பட்டது. அவசரமில்லை என்று காத்திருக்க வைக்கப்பட்டார். பல மணி நேரம் கழித்து ஸ்கேன் செய்தபோது பிரசவ நெருக்கடி தெரிந்தது. குழந்தை இறந்தே பிறந்தது. அவரை யாரும் திட்டவில்லை, விரட்டவில்லை. படிவத்தில் இருந்த ஒற்றைச் சொல், அவர் வாயால் சொன்னதையே கேட்கவிடாமல் செய்துவிட்டது. என்னை மிகவும் உலுக்குவது இதுதான்.

எனவே, கேளுங்கள். வயிற்றுவலி என்றால் கருப்பை, சூலகம் இருக்கின்றனவா என்று கேட்கத்தான் வேண்டும். "வலிக்குக் காரணம் தேட இது எனக்குத் தெரிய வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்துக் கேட்டால், யாரும் தயங்காமல் சொல்வோம். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை எடுத்து மாதவிடாய் நின்றுபோன திருநம்பிக்கும் கருத்தரிக்க முடியும்; அந்த மருந்து கருத்தடை ஆகாது. பிறப்புறுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட திருநங்கைக்குப் புரோஸ்டேட் சுரப்பி பெரும்பாலும் உடலிலேயே இருக்கும். சிறுநீர் அடைப்பு வந்தால் அதை நினைவில் வையுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் சிறுநீர்ப் பாதை மாறியிருக்கும் என்பதால், கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) போடும் முன் என்ன அறுவை நடந்தது என்று கேளுங்கள். நுழையாவிட்டால் வலிந்து தள்ளாமல் சிறுநீரக அறுவை நிபுணரை அழையுங்கள். ஆண் ஹார்மோனைத் தடுக்கத் திருநங்கைகள் சிலர் எடுக்கும் மருந்து ஸ்பைரோனோலாக்டோன்; அதை எடுப்பவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் கூடலாம். டெஸ்டோஸ்டிரோன் ஹீமோகுளோபினை உயர்த்தும். ஆணுக்கான அளவோடு ஒப்பிடுகிறோமா, பெண்ணுக்கான அளவோடா என்று யோசியுங்கள். மூச்சுத் திணறலோடு வரும் திருநம்பி மார்பை இறுக்கும் உள்ளாடை அணிந்திருக்கலாம். அதை ஏன் கழற்ற வேண்டும் என்று சொல்லி, திரை போட்டு, அவரையே கழற்றவிடுங்கள்.

ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹார்மோனை எடுப்பவருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கினால் ரத்தக்கட்டியைச் சந்தேகிப்பது சரிதான். ஆனால் வரும் நோய்க்கெல்லாம் ஹார்மோன்தான் காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கை ஒடிந்து வந்தவரிடம் கீழே என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு எந்த மருத்துவக் காரணமும் இல்லை. சிகிச்சைக்குத் தேவையில்லாமல் ஆடையை விலக்கிப் பார்ப்பதும், பார்ப்பதற்கென்றே மாணவர்களை அழைத்து வருவதும் ஒருவரைக் காலமெல்லாம் மருத்துவமனைப் பக்கமே வரவிடாமல் செய்துவிடும்.

1995இல் வாஷிங்டனில் டைரா ஹண்டர் என்ற திருநங்கை கார் விபத்தில் படுகாயமடைந்தார். ஆடையை வெட்டி உடலைப் பார்த்த அவசர ஊழியர் இழிவாகப் பேசி, முதலுதவியை நிறுத்தினார். அன்றே டைரா மருத்துவமனையில் இறந்தார். 1998இல் நீதிமன்ற ஜூரி அவருடைய தாய்க்கு இழப்பீடு வழங்கச் சொன்னது. ஆம்புலன்ஸில் ஏறும்போதெல்லாம் எங்களோடு வரும் பயம் இதுதான்.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைப்பட்டையில் ஆவணப் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்பது புரிகிறது. ரத்தம் ஏற்றும்போது பெயர் மாறினால் உயிருக்கே ஆபத்து. அந்தக் காரணத்தை நோயாளியிடம் சொல்லிவிட்டு, காத்திருப்புக் கூடத்தில் கூப்பிடும்போது அவர் சொன்ன பெயரால் கூப்பிடுங்கள். வாய் தவறினால் உடனே திருத்திக்கொண்டு வேலையைத் தொடருங்கள், போதும். பணிமாற்றத்தின்போது அடுத்தவரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரே இரவில் மூன்று பேரிடம் தன்னை விளக்குவது, காய்ச்சலோடு கிடப்பவருக்குப் பெரும் பாரம்.

"வீட்டார் யாராவது வந்திருக்கிறார்களா?" என்று கேட்கும் முன் நோயாளியைக் கேளுங்கள். எங்களில் பலரை ரத்த உறவு கைவிட்டிருக்கிறது. துணைக்கு நிற்கும் தோழியோ, வளர்த்த அம்மாவோதான் அவருக்கு வீடு. அதேபோல, வீட்டுக்குத் தெரியாத விஷயத்தை உறவினர் முன் போட்டு உடைத்துவிடாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தபோதே, பாலின முரண்பாடு (பிறப்பில் பதிவான பாலினமும் தான் உணரும் பாலினமும் பொருந்தாத நிலை) மனநோய்ப் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டது. நெஞ்சுவலி என்று வந்தவரைத் திருநர் என்பதற்காகவே மனநலப் பிரிவுக்கு அனுப்ப இடமில்லை.

உங்கள் பதிவுப் படிவத்தில் கூப்பிட வேண்டிய பெயருக்கு ஒரு கட்டமும், பாலினத்துக்கு ஒரு கட்டமும், உடலில் உள்ள உறுப்புகளைப் பற்றி, சிகிச்சைக்குத் தேவைப்படும்போது மட்டும் நிரப்ப ஒரு கட்டமும் சேருங்கள். அந்தப் படிவத்தைத் திருத்தி எழுத உட்காரும் நாளில் எங்களையும் கூப்பிடுங்கள். கட்டாயம் வருகிறோம்.

இப்படிக்கு,
நோயாளிகளுக்குத் துணையாக வந்துபோகும் ஒரு திருநங்கை